பூட்டைக் காணாமலே செய்த திறவுகோல்கள்

சில மாதங்களுக்கு முன் எங்கள் அன்னையாரை அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் சென்றிருந்தோம். அன்னையாருக்குக் கைநடுக்கம். காலையில் வாசலில் புள்ளி வைத்தால் புள்ளி ஓரிடத்திலும் இழை ஓரிடத்திலுமாக விழுகின்றன என்பதே அவரது முறையீடு. மருத்துவர் பரிசோதித்தார். மருந்துச் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கியவர், எழுதுகோலை நிறுத்திவிட்டு, "அம்மா, உங்களுக்கு எப்போதாவது இழுப்பு வந்ததுண்டா?" என்று கேட்டார். "சின்ன வயசில் வந்ததுங்க ஐயா. இப்பவும் மார்கழியில் கொஞ்சம் மூச்சு வாங்கும்" என்றார் அன்னையார். எழுதிய வரியை மருத்துவர் அடித்துவிட்டு வேறொரு மருந்தை எழுதினார்.

அடிக்கப்பட்ட சொல் பிரொப்ரனலால். நடுங்கும் கைக்கும் மூச்சுக்குழலுக்கும் என்ன தொடர்பு என்று வெளியே வந்தபின் நமக்குள் எழுந்த ஐயம், நம்மைப் பல வாரங்கள் நூலகத்தில் உட்கார வைத்துவிட்டது. நாம் தமிழ் பயிற்றுவிப்பவர். மருந்தியல் நமது துறையன்று. எனினும் படிக்கப் படிக்க, இது வகைப்படுத்துதலின் வரலாறு என்பது புலப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பிரித்துப் பெயரிட ஒரு நூற்றாண்டுக்கால மனிதர்கள் மேற்கொண்ட முயற்சி அது. இலக்கணம் பயின்றோர்க்கு இதைவிட நெருக்கமான கதை வேறு உண்டோ?

காணாததற்கு ஒரு பெயர்

உடலின் உயிரணுக்கள் தம்மைச் சுற்றி மிதக்கும் வேதிப்பொருள்கள் அனைத்துக்கும் செவிசாய்ப்பதில்லை. சிலவற்றுக்கு மட்டுமே மறுமொழி கூறுகின்றன. அந்தச் சிலவற்றை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் உறுப்பைத்தான் ஆங்கிலத்தில் ரிசப்டர் என்றும் தமிழில் ஏற்பி என்றும் வழங்குகிறோம். இன்று பள்ளிப் பாடநூலில் படமாகவே வரையப்படும் இந்த ஏற்பி, தோன்றியபோது வெறும் ஊகம்.

அந்த ஊகத்துக்குத் தந்தையர் இருவர். ஒருவர் ஜெர்மனியின் பால் எர்லிச். உயிரணுவில் பக்கச் சங்கிலிகள் போன்ற அமைப்புகள் இருந்து நஞ்சுகளைப் பற்றிக்கொள்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கருதியவர். மற்றவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் நியூபோர்ட் லாங்லி. 1905-இல் அவர் வெளியிட்ட ஆய்வு எளிமையும் அழகும் வாய்ந்தது. கோழியின் தசையில் நிக்கோடினைச் செலுத்தினால் தசை சுருங்கும். தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அது முற்றிலும் நலிந்த பின்னரும் நிக்கோடின் தசையைச் சுருக்குகிறது. ஆகவே நிக்கோடின் வேலை செய்யுமிடம் நரம்பன்று. க்யூராரே என்னும் அம்பு நஞ்சைக் கொடுத்தால் நிக்கோடினின் செயல் நின்றுவிடுகிறது. ஆனால் தசையை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் அப்போதும் சுருங்குகிறது. ஆகவே சுருங்கும் பொருளும் கெடவில்லை. நரம்புமன்றி, சுருங்கும் தசைப்பொருளுமன்றி, இடையில் மூன்றாவதாக ஒன்று இருந்தாக வேண்டும். அதை லாங்லி 'ஏற்கும் பொருள்' என்றார். காணாத ஒன்றை, இரண்டு நஞ்சுகளின் நடத்தையைக் கொண்டு மட்டுமே அனுமானித்த அந்தத் துணிவு வியக்கத்தக்கது. புகையைக் கண்டு நெருப்பை உணரும் நம் பழைய அளவை நூலாரின் வழியே இதுவும்.

அடுத்து வந்தவர் ஹென்றி டேல். அசெட்டைல்கோலின் என்னும் பொருளின் செயல்களை ஆராய்ந்து 1914-இல் அவர் அவற்றை இரண்டாகப் பிரித்தார். புகையிலையின் நிக்கோடினைப் போன்ற செயல்கள் ஒருபுறம். நச்சுக் காளானிலிருந்து எடுத்த மஸ்கரினைப் போன்ற செயல்கள் மறுபுறம். முன்னதைக் க்யூராரே தடுக்கும், பின்னதை அட்ரோபின் தடுக்கும். நிக்கோடின் வகை, மஸ்கரின் வகை என்ற பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏற்பிகளுக்கு வந்த பெயர்கள் அவற்றின் சொந்தப் பெயர்களல்ல. அவற்றைத் தொட்டறியப் பயன்பட்ட கருவிகளின் பெயர்கள். டேல் தாமே ஏற்பி என்ற கருத்தை எளிதில் ஏற்றுக்கொண்டவரல்லர் என்பது இக்கதையின் நகைமுரண்களுள் ஒன்று.

ஆறு சேர்மங்கள், இரண்டு வரிசைகள்

அச்சத்திலும் சினத்திலும் நம் உடலில் பாய்வது அட்ரினலின். அது இதயத்தை விரைவுபடுத்துகிறது. சில இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, சிலவற்றை விரிக்கிறது. மூச்சுக்குழல்களைத் தளர்த்துகிறது. ஒரே பொருள் ஓரிடத்தில் இறுக்கவும் மற்றோரிடத்தில் தளர்த்தவும் செய்வது எவ்வாறு? 1930களில் கேனன், ரோசன்புளூத் என்ற இருவர், தூண்டும் பொருளொன்றும் அடக்கும் பொருளொன்றுமாக இரண்டு உருவாகின்றன என்றனர். அதாவது, வேறுபாடு செய்தியில் உள்ளது என்பது அவர்கள் கட்சி.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அகஸ்டா என்னும் ஊரின் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்க்விஸ்ட், வேறுபாடு செய்தியில் இல்லை, கேட்கும் செவியில் இருக்கிறது என்றார். கருப்பையைத் தளர்த்தும் மருந்தொன்றைத் தேடிப் புறப்பட்டவர் அவர். ஒன்றுக்கொன்று உறவுடைய ஆறு சேர்மங்களை எடுத்துக்கொண்டு, விலங்குகளின் பல உறுப்புகளில் எது வலியது, எது மெலியது என்று தர வரிசைப்படுத்தினார். ஆறு பொருள்களை எத்தனையோ விதமாக வரிசைப்படுத்தலாம். ஆனால் அவர் கண்டவை இரண்டே வரிசைகள். இரத்தக் குழாய் சுருங்கும் இடங்களில் அட்ரினலின் முதலிலும் ஐசோபிரெனலின் கடைசியிலும் நின்றன. இதயத்திலும், குழாய் விரியும் இடங்களிலும் ஐசோபிரெனலின் முதலில் நின்றது. இரண்டு வரிசைகள் எனில் இரண்டு ஏற்பிகள். அவற்றுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டார்.

இதன் நுட்பத்தை இலக்கணத்தின் வழியே விளங்கிக்கொள்ளலாம். சொற்களைப் பொருளை வைத்தும் பிரிக்கலாம், அவை ஏற்கும் உருபுகளை வைத்தும் பிரிக்கலாம். அதுவரை இருந்தோர் 'தூண்டுவது, அடக்குவது' என்று விளைவை வைத்துப் பிரித்தனர். ஆல்க்விஸ்ட், எது எதை ஏற்கிறது என்பதை வைத்துப் பிரித்தார். அதனால்தான் இதயத்தைத் தூண்டும் ஏற்பியும் குழாயைத் தளர்த்தும் ஏற்பியும் பீட்டா என்ற ஒரே வகையில் அமர முடிந்தது.

கட்டுரையை முதலில் அனுப்பிய மருந்தியல் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1948-இல் அமெரிக்க உடலியங்கியல் இதழில் அது வெளிவந்தது. பத்தாண்டுகள் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆல்க்விஸ்ட் பின்னர் ஒரு பாடநூலில் எழுதிய அத்தியாயம் ஒன்றே அக்கருத்தை உயிரோடு வைத்திருந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்த ஒரு ஸ்காட்லாந்துக்காரர் உலகை மாற்றினார்.

பிளாக்கின் எண்ணம்

ஜேம்ஸ் பிளாக் 1924-இல் பிறந்தவர். மருத்துவம் படித்து முடித்ததும் படிப்புக் கடனை அடைப்பதற்காகச் சிங்கப்பூருக்குச் சென்று சில ஆண்டுகள் விரிவுரையாளராக இருந்தார். பின் கிளாஸ்கோவின் கால்நடை மருத்துவப் பள்ளியில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். 1958-இல் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார்.

மார்வலிக்கு அக்காலத்தில் தரப்பட்ட மருந்துகள் இதயத்துக்குச் செல்லும் இரத்தத்தை, அதன்வழி பிராணவாயுவை, மிகுவிக்க முயன்றவை. பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வரவைக் கூட்ட இயலவில்லை எனில் செலவைக் குறைத்தால் என்ன? அட்ரினலின் பீட்டா ஏற்பி வழியாக இதயத்தை விரட்டுகிறது எனில், அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் இதயம் குறைந்த பிராணவாயுவில் நிறைவு கொள்ளும் அல்லவா? பீட்டா ஏற்பி உண்டா இல்லையா என்றே அறிஞர்கள் ஐயுற்றிருந்த காலம் அது.

அதே 1958-இல் எலி லில்லி நிறுவனத்தின் பவல், ஸ்லேட்டர் இருவரும் டைகுளோரோஐசோபிரெனலின் என்ற சேர்மத்தை வெளியிட்டிருந்தனர். ஐசோபிரெனலினின் இரு ஹைட்ராக்சில் தொகுதிகளை நீக்கிக் குளோரின் வைத்தது அது. பீட்டா ஏற்பியைத் தடுத்தது, ஆனால் தானும் சிறிது தூண்டியது. பூட்டில் நுழைந்து அரைகுறையாகத் திரும்பும் சாவி. பிளாக்கின் குழுவினர் முழுதும் திரும்பாத சாவியைத் தேடினர். 1962-இல் வெளியிட்ட புரோனெத்தலால் எலிகளில் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது பிரொப்ரனலால். 1964-இல் ஆய்விதழில் அறிவிக்கப்பட்டு, 1965-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மார்வலி, இரத்த அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, கைநடுக்கம் என அதன் பயன் விரிந்தது. நமது பார்வையில் அதைவிடப் பெரிது வேறொன்று. ஏட்டில் மட்டும் இருந்த ஆல்க்விஸ்டின் பிரிவினைக்கு மனித உடலே சான்று கூறியது. வகைமை மருந்தைத் தந்தது. மருந்து வகைமையை மெய்ப்பித்தது.

ஒன்று இரண்டான கதை

ஆனால் ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் பிரொப்ரனலால் மூச்சை அடைத்தது. காரணம் வெளிப்படை. இதயத்திலும் பீட்டா, மூச்சுக்குழலிலும் பீட்டா. ஒன்றை அடைக்கப் போனால் மற்றதும் அடைபடும். எங்கள் அன்னையாரிடம் அந்த மருத்துவர் கேட்ட கேள்வியின் வேர் இதுவே.

இதன் மறுபக்கம் இன்னும் கொடியது. மூச்சுக்குழலைத் திறக்க ஐசோபிரெனலின் தெளிப்பான்களைப் பயன்படுத்தினர். அது மூச்சைத் திறக்கையில் இதயத்தையும் சேர்த்து விரட்டியது. 1960களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென மிகுந்தன. இறந்தோரில் இளையோர் பலர். செறிவு மிக்க தெளிப்பான்களின் அளவுமீறிய பயன்பாட்டின்மீது ஐயம் விழுந்தது. காரணம் குறித்து விவாதம் நீண்டாலும், எச்சரிக்கைகளுக்குப் பின் இறப்புகள் குறைந்தன. ஒரு வகைமை போதிய அளவு நுணுக்கமாக இல்லாதபோது அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1967-இல் லேண்ட்ஸும் அவருடைய குழுவினரும் ஆல்க்விஸ்டின் முறையையே மீண்டும் கையாண்டு, மேலும் பல சேர்மங்களைக் கொண்டு தர வரிசை எடுத்தபோது பீட்டா இரண்டாகப் பிளந்தது. இதயத்தில் மிகுவது பீட்டா-1. மூச்சுக்குழலில் மிகுவது பீட்டா-2. பிரிட்டனில் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் ஆய்வகத்தில் டேவிட் ஜேக்கின் குழு உருவாக்கிய சால்பியூட்டமால் 1969-இல் சந்தைக்கு வந்தது.

அதன் வடிவத்தைக் காண்பது நம் போன்றோர்க்கு இன்பம் தருவது. நார்அட்ரினலினின் நைட்ரஜனில் கூடுதலாக எதுவுமில்லை. அதில் ஒரு மீத்தைல் தொகுதியை ஒட்டினால் அட்ரினலின். இன்னும் பெரிதாக ஐசோபுரொப்பைல் தொகுதியை ஒட்டினால் ஐசோபிரெனலின். மேலும் பருத்த பியூட்டைல் தொகுதி சால்பியூட்டமாலில் உள்ளது. விகுதி பெருக்கப் பெருக்க, பொருள் ஆல்ஃபாவிலிருந்து பீட்டாவுக்கு நகர்கிறது. சால்பியூட்டமாலில் மறுமுனையிலும் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டதால், உடலின் நொதி அதை எளிதில் சிதைக்க முடியவில்லை. அதனால் செயல் நீடித்தது. பகுதி ஒன்றே. விகுதி மாற்றத்தால் ஒரு சொல் வேறொரு வாக்கியத்தில் சென்று அமர்வது போன்றது இது.

தடுப்பான்களின் பக்கத்தில் இதயத்தை மட்டும் தேர்ந்து தடுக்கும் பிராக்டலால் 1970-இல் வந்தது. ஏற்பிகளைப் பிரித்தறிய ஆய்வகங்களுக்கு அது அருமையான கருவி. நோயாளிகளிலோ சிலருக்குக் கண்கள் வறண்டன, சிலர் பார்வையை இழந்தனர், சிலருக்குத் தோலும் வயிற்று உட்சவ்வும் பாதிக்கப்பட்டன. விலங்குச் சோதனைகள் எதுவும் இதை முன்னறிவிக்கவில்லை. 1975-இல் பொதுப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. ஏற்பியைத் தேர்ந்து தொடும் மருந்து, உடலின் மற்ற பகுதிகளைத் தொடாது என்பதற்கு உறுதியில்லை. வகைமை அறிவு முழு அறிவன்று என்ற பாடம் சிலரது கண்களின் விலையில் கிடைத்தது.

வயிற்றின் அமிலம்

பிளாக் 1964-இல் ஐ.சி.ஐ.யிலிருந்து விலகி ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனத்தின் பிரிட்டன் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கு எடுத்துக்கொண்டது ஹிஸ்டமின். 1930களில் பாரிஸில் போவே தொடங்கிய ஆய்வால் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் பல வந்திருந்தன. தும்மலையும் தடிப்பையும் அவை அடக்கின. ஆனால் ஹிஸ்டமின் தூண்டும் வயிற்று அமிலத்தை அவை அசைக்கவே இல்லை.

லண்டனில் ஹைன்ஸ் ஷில்ட் இதை ஆராய்ந்தார். தடுப்பானின் ஏற்பிப் பற்றை எண்ணால் அளக்க அவர் வகுத்த முறை, துறையின் அளவுகோலாக விளங்கியது. தடுப்பானைச் சேர்த்தபின், பழைய விளைவை மீளப் பெற எத்தனை மடங்கு கூடுதல் மருந்து தேவை என்று கணக்கிடுவதே அதன் சாரம். குறிப்பிட்ட தடுப்பானுக்கும் குறிப்பிட்ட ஏற்பிக்கும் இடையே வரும் எண், எந்த உறுப்பில் அளந்தாலும் மாறக் கூடாது. மாறினால் அங்கிருப்பது வேறு ஏற்பி. கைரேகை போன்றது அந்த எண். 1966-இல் ஆஷும் ஷில்டும் பழைய மருந்துகள் தடுக்கும் ஏற்பிக்கு ஹெச்-1 என்று பெயரிட்டனர். மற்றதற்குப் பெயரிடவில்லை. தடுக்கும் பொருள் கிடைக்காமல் பெயரிடுவது முறையன்று என்ற கட்டுப்பாட்டை அதில் காண்கிறோம்.

பிளாக்கும், வேதியியலார் கனெல்லின், டூரன்ட், எம்மெட் ஆகியோரும் அந்தப் பொருளைத் தேடினர். முதல் நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 சேர்மங்கள் செய்து பார்த்தும் ஒன்றும் தடுக்கவில்லை. பின்னர் குவானைல்ஹிஸ்டமின் என்பதில் மிக மெல்லிய தடுப்புத் தெரிந்தது. அதுவும் டைகுளோரோஐசோபிரெனலின் போலவே சிறிது தூண்டவும் செய்தது. அந்தத் தூண்டலுக்கு மூலக்கூறின் நேர்மின்னேற்றமே காரணம் என ஊகித்து, மின்னேற்றமற்ற தொகுதியை வைத்துச் சங்கிலியை நீட்டினர். புரிமமைடு பிறந்தது. 1972-இல் நேச்சர் இதழில் ஹெச்-2 ஏற்பி வரையறுக்கப்பட்டது. தடுப்பான் மட்டுமன்று, ஹெச்-2வை விரும்பித் தூண்டும் 4-மீத்தைல்ஹிஸ்டமினும் அதே கட்டுரையில் சான்றாக நின்றது. தூண்டும் சாட்சியும் தடுக்கும் சாட்சியும் ஒன்றையே கூறின.

புரிமமைடு வாய்வழி கொடுத்தால் போதிய அளவு உட்கவரப்படவில்லை. அடுத்த மெட்டியமைடு சிலரின் வெள்ளணுக்களைக் குறைத்தது. குற்றம் செய்த தொகுதியை மாற்றிச் செய்த சிமெட்டிடின் 1976-இல் பிரிட்டனில் வெளிவந்தது. வயிற்றுப்புண்ணுக்குக் கத்தி வைப்பது பெருமளவு குறைந்தது. 1988-இல் ஜெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் ஆகியோருடன் பிளாக் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பெரும்பாலான வயிற்றுப்புண்களுக்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்பதை 1980களில் வாரனும் மார்ஷலும் காட்டியதால், நோயின் கதை வேறு பக்கம் திரும்பியது. ஹெச்-2 என்ற பெயர் மட்டும் நிலைத்தது.

வழி தலைகீழானது

ஆல்க்விஸ்ட் பிற்காலத்திலும், ஏற்பிகள் தமக்கு ஒரு கருத்தாக்கம் மட்டுமே என்று எழுதினார். ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் அந்தக் கருத்தைக் கையில் பிடிக்க முனைந்தார். பிளாக் போன்றோர் உருவாக்கிய தடுப்பான்களின் வழிவந்த சேர்மங்களில் கதிரியக்க அணுவைப் பொருத்தி, அவை எங்கே ஒட்டுகின்றன என்று எண்ணினார். மருந்தையே தூண்டிலாக்கி ஏற்பியைப் பிரித்தெடுத்தார். 1986-இல் பீட்டா-2 ஏற்பியின் மரபணு படிக்கப்பட்டபோது, அது விழித்திரையில் ஒளியை உணரும் ரொடாப்சினின் உறவினர் என்று தெரிந்தது. ஒளியும் அச்சமும் ஒரே குடும்பத்துச் செவிகளால் கேட்கப்படுகின்றன! சவ்வினூடே ஏழுமுறை ஊடுருவி நிற்கும் இக்குடும்பத்தில் மனிதரிடம் ஏறத்தாழ 800 உறுப்பினர் உள்ளனர். அவருள் ஏறக்குறைய பாதிப்பேர் மணத்தை உணர்பவர். அந்த ஏற்பியின் வடிவத்தை 2007-இல் கண்டு காட்டிய பிரையன் கோபில்காவும் லெஃப்கோவிட்ஸும் 2012-இல் நோபல் பெற்றனர்.

அதன்பின் வழி தலைகீழாயிற்று. ஹிஸ்டமினின் மூன்றாம் ஏற்பியை 1983-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பழைய முறைப்படி, மருந்துகளின் நடத்தையைக் கொண்டே அறிந்தனர். நான்காவதோ 2000-இல் மரபணு வரிசையிலிருந்து முதலில் கிடைத்தது. அதற்கேற்ற மருந்து பிறகே தேடப்பட்டது. முன்பு சாவியைச் செய்து பூட்டை அனுமானித்தனர். இன்று பூட்டு முன்னே கிடக்கிறது, சாவியைத் தேடுகிறார்கள். எதைப் பற்றும் என்று தெரியாமல் வரிசை மட்டும் அறியப்பட்ட ஏற்பிகளுக்கு 'அநாதை' என்றே பெயர்.

எனினும் மரபணு வரிசை ஓர் ஏற்பி இருக்கிறது என்றுதான் சொல்லும். அது உடலில் என்ன செய்கிறது என்பதை அறிய, அதை மட்டும் தேர்ந்து தொடும் சேர்மம் இன்றும் வேண்டியிருக்கிறது. லாங்லியின் நிக்கோடினும் க்யூராரேயும் செய்த பணி முடியவில்லை.

இந்த வரலாற்றில் நம்மைத் தொட்டது அந்தப் பணிவுதான். ஆல்ஃபா, பீட்டா, பின் பீட்டா-1, பீட்டா-2 என்று ஒவ்வொரு பெயரும் அன்றைய கருவியின் கூர்மை அளவுக்கே உண்மையாக இருந்தது. கருவி கூரானபோது பெயர் பிளந்தது. தேர்ந்து செயல்படும் மருந்து என்பதும் ஒப்பீட்டுச் சொல்லே. அளவு கூடினால் பீட்டா-1 தடுப்பானும் பீட்டா-2வைத் தொடும். அதனால்தான், இத்தனை வகைமைகளுக்குப் பிறகும், எழுதுகோலை நிறுத்தி ஒரு மருத்துவர் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அன்னையாரின் கைநடுக்கம் முழுதும் நின்றுவிடவில்லை. புள்ளிக் கோலத்தைக் குறைத்துக்கொண்டு, பெரிய இழைக் கோலங்களாகப் போடுகிறார். கடந்த மார்கழியில் மூச்சு வாங்கிய இரண்டு விடியல்களில் சால்பியூட்டமால் தெளிப்பானை உறிஞ்சிவிட்டுச் சற்று நேரம் திண்ணையில் அமர்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய்க் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தார்.